பட்டறையில் எடை குறைந்தால் இரக்கத்துக்கு எவ்வளவு இடம்?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
சேலத்தில் சிறிய கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். எடைபோட்டுக் கொடுக்கும் வெள்ளி, சேதாரம் போகக் கொலுசாகத் திரும்பி வர வேண்டும் என்பதே இத்தொழிலின் கணக்கு. அரத்தூள் சிந்திய தரையைக்கூடக் கூட்டியெடுத்து வைப்போம். மாதம் ஒருமுறை எடை பார்ப்போம். சென்ற மாதம், ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் வேலை செய்பவரும் எங்கள் சபையைச் சேர்ந்தவருமான ஒருவரிடம் 60 கிராம் குறைந்தது. கேட்டபோது, வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து நின்றதால் விற்றுவிட்டதாகக் குனிந்த தலை நிமிராமல் சொன்னார். 'நியாயத்தீர்ப்புக்கு முன்பாக இரக்கம் மேன்மைபாராட்டும்' என்பதை (யாக்கோபு 2:13) அறிவேன். ஆனால் கணக்கை அப்படியே விட்டுவிட்டால், சரியாக எடை ஒப்படைக்கும் மற்ற நால்வருக்கு அது அநியாயம் ஆகாதா? பிற பட்டறைக்காரர்களை எச்சரிப்பது கடமையா, புறங்கூறலா?

வேதபாட ஆசிரியர், அஸ்தம்பட்டி:
சகோதரரே, மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் கடன் உவமையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ராஜா தன் ஊழியக்காரனுக்கு மன்னித்த 10,000 தாலந்து ஆறு கோடி நாள் கூலியாகிறது. நாம் இதோடு நிறுத்திவிட்டு, அந்த ஊழியக்காரனிடம் உடன்வேலைக்காரன் பட்ட நூறு வெள்ளிப்பணக் கடன் அற்பம் என்று பிரசங்கித்துவிடுகிறோம். நூறு நாள் கூலி அற்பமன்று. உங்கள் 60 கிராமும் அற்பமன்று. உடன்வேலைக்காரன் கேட்டதையும் கவனியுங்கள்: கடனைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, பொறுத்துக்கொண்டால் எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்ப்பதாகவே சொன்னான். மன்னிப்புப் பெற்றவன் அந்தத் தவணையைக்கூடக் கொடுக்காமல் அவன் தொண்டையை நெரித்ததுதான் குற்றமாயிற்று. அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனம், 'நீயும் அவனும் தனித்திருக்கையில்' குற்றத்தை உணர்த்தச் சொல்கிறது. பிற பட்டறைகள் அந்தத் தனிமைக்குள் வரமாட்டா.

ஏற்காட்டு வாசகி:
எங்கள் கத்தோலிக்க மரபில் இரக்கச் செயல்கள் பதினான்கு. பாவிகளைக் கண்டித்துத் திருத்துவதும் அவற்றில் ஒன்று என்பதால், கேள்வி கேட்டதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. எப்படிக் கேட்டோம் என்பதே பொருட்டு. நான் முன்பு கணக்கெழுதிய காபித் தோட்டத்தில், மாலை எடையின்போது பழத்தோடு கல் கலந்திருந்த ஒரு சாக்கை எல்லார் முன்னிலையிலும் கவிழ்த்துக் கொட்டினார்கள். கல் இருந்தது உண்மை. அந்தப் பெண் சிவந்த பழங்களை மட்டும் பொறுக்கி மறுபடி சாக்கில் போட்டு முடிக்கும் வரை ஒருவரும் நகரவில்லை. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. எடையைக் குறித்த நோட்டு என் கையில்தான் இருந்தது, நானும் பேசவில்லை.

தராசு:
நானும் இதே தொழில்தான். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்: மாதம் ஒருமுறை மட்டும் எடை பார்ப்பது ஏன்? 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்று ஞாயிறுதோறும் ஜெபித்துவிட்டு, கடன்பட்ட மனிதரிடம் நான்கு வாரம் வெள்ளியைக் கேள்வியில்லாமல் விட்டுவைத்திருக்கிறீர்கள். ஐந்து பேருக்கும் தினமும் எடை போடுங்கள். அவருக்கு மட்டும் என்றால் அது தண்டனை.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
நன்றி. வாரம் 3 கிராம் வெள்ளியின் மதிப்பைக் கூலியில் பிடித்துக்கொள்வதென்று அவரோடு தனியே பேசி முடித்தேன்; 20 வாரத்தில் தீரும். தினசரி எடை திங்கட்கிழமை முதல் எல்லாருக்கும். ஆனால் இங்கே எழுதுவதற்கு முன்பே, தேநீர்க் கடையில் ஒரு பட்டறைக்காரரிடம் அவர் பெயரைச் சொல்லிவிட்டேன் என்பதை முதலில் மறைத்துவிட்டேன். இன்று மாலை அந்தப் பட்டறைக்காரரைப் பார்க்கப் போகிறேன்.