பழைய கிண்ணங்களில் உணவு பரிமாறலாமா?

கேள்வி

வணக்கம். பழைய பரிமாறும் கிண்ணங்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். அவற்றைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதைவிட மேசையில் வைத்துப் பரிமாறவே விரும்புகிறேன். இப்போது என்னிடம் மூன்று கிண்ணங்கள் உள்ளன. ஒன்று நீலச் சித்திரம் அச்சிட்ட பீங்கான். அடியில் இங்கிலாந்து என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது, உட்புறம் முழுவதும் சிலந்திவலை போல மெல்லிய கீறல்கள் ஓடுகின்றன. மற்றொன்று ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறத்தில், ஃபியஸ்டா என்ற அமெரிக்க வண்ணப் பாத்திர வரிசையைச் சேர்ந்த கிண்ணம். மூன்றாவது வெள்ளி முலாம் பூசியது. இவற்றின் காலத்தை எப்படிக் கணிப்பது? எதில் உணவு வைக்கலாம், எதில் கூடாது?

மறுமொழி 1

காலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அடியில் நாட்டின் பெயர் இருப்பதே நல்ல துப்பு. அமெரிக்காவில் 1890-இல் நிறைவேறிய மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று விதித்ததால், அப்பெயர் தாங்கிய கிண்ணம் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியதாகவே இருக்கும். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று முழுமையாக இருந்தால் 20-ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகக் கொள்ளலாம். 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் வழங்கிய வைர வடிவப் பதிவு முத்திரை இருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அது வடிவமைப்பு பதிவான நாளைக் குறிக்குமே தவிர, கிண்ணம் சூளையிலிருந்து வெளிவந்த நாளை அன்று.

முத்திரையைப் போலியாகப் பொறிக்க முடியும் என்பதால், நான் சித்திரத்தையே அதிகம் நம்புவேன். அக்காலத்தில் செதுக்கிய செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய காகிதத்தில் மையை எடுத்து, அந்தக் காகிதத்தைக் கிண்ணத்தின் மீது ஒட்டித் தேய்த்தார்கள். வளைவான பரப்பில் காகிதத்தின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் கொடியோ இலையோ பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். விளிம்பை விரலால் தொடர்ந்து சுற்றி வந்தால் அந்த இடம் கண்ணில் படும். அடிவளையத்தையும் உருப்பெருக்கியில் பாருங்கள். பல்லாண்டுப் பயன்பாட்டின் தேய்மானம் பல திசைகளிலும் ஒழுங்கின்றி இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பழமையாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில் வரிசையாக ஓடும்.

மறுமொழி 2

கிண்ணத்தின் வயதைவிட, அதன் உட்பூச்சில் என்ன இருக்கிறது என்பதே உணவுக்கு முக்கியம். பழைய பீங்கானின் பூச்சிலும் அதன்மேல் தீட்டிய வண்ணங்களிலும் ஈயம் இருப்பது மிகச் சாதாரணம். புளிப்பு, வெப்பம், நெடுநேரம் என்ற மூன்றும் சேரும்போது அது உணவில் அதிகமாகக் கரையும். கீறல் விழுந்த உங்கள் நீலக் கிண்ணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: பூச்சுக்குக் கீழேயுள்ள மண் ஈரத்தையும் கொழுப்பையும் உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் அவை போகா. அதில் தோலுரிக்காத பழங்களை வைக்கலாம். சூடானதும் குழம்பானதும் வேண்டாம்.

ஃபியஸ்டா 1936-இல் அறிமுகமானபோது அந்தச் சிவப்புக்கு யுரேனிய ஆக்சைடைத்தான் பயன்படுத்தினார்கள். போர்க்காலத்தில், 1943-இல், அந்நிறத்தை நிறுத்தினார்கள். 1959-இல் கதிரியக்கம் குறைந்த வகை யுரேனியத்துடன் மீண்டும் வந்து 1972 வரை நீடித்தது. 1986-இல் தொடங்கிய புதிய வரிசையின் பூச்சில் ஈயமில்லை. உங்களுடையது பழைய வரிசையைச் சேர்ந்ததானால், அதை வெறுமனே வைத்து ரசிப்பதே முறை. உணவுக்கும் பானத்துக்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் அறிவுறுத்துகிறது.

மறுமொழி 3

மேலே எழுதிய நண்பருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் நீலக் கிண்ணத்தை அவ்வளவு சீக்கிரம் ஓரங்கட்ட வேண்டியதில்லை. அதன் வாய்க்குப் பொருந்தும் புதிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை உள்ளே வைத்துவிட்டால், உணவு கண்ணாடியை மட்டுமே தொடும். வெளிச்சித்திரமும் விருந்தினர் கண்ணில் படும்.

வெள்ளி முலாமுக்கும் அதே வழியைச் சொல்வேன். உப்பும் புளிப்பும் முலாமை அரிக்கும். முட்டையிலுள்ள கந்தகம் அதைக் கறுக்கச் செய்யும். முலாம் தேய்ந்து செம்பு தெரியும் இடம் இருந்தால், அங்கே புளிப்பான எதையும் படவிடாதீர்கள். மெருகேற்றும்போதும் கை பதமாக இருக்கட்டும், ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி போய்விடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. ஃபியஸ்டாவை அலமாரிக்கு அனுப்பிவிட்டேன். நீலக் கிண்ணத்தின் கீறல்களில் பழுப்புக் கறை இறங்கியிருக்கிறது. வெளுப்புத்தூள் கலந்த நீரில் ஊறவைக்கலாமா?

மறுமொழி 1

வேண்டாம். குளோரின் கீறல்வழியே மண்ணுக்குள் இறங்கினால் அங்கே உப்பாகத் தங்கி, காயும்போது படிகமாகிப் பூச்சையே உள்ளிருந்து தள்ளிப் பெயர்த்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு சில கறைகளை மெல்ல வெளுக்கும். அதற்கு முன், கிண்ணத்தைச் சாதாரண நீரில் நன்றாக ஊறவிட்டால் மருந்து பழுப்பு ஓரங்களைத் தாண்டிப் பரவாது. பொன்விளிம்பு இருந்தால் மட்டும் அந்த முயற்சியை விட்டுவிடுங்கள்.