ஒரே லென்ஸ், ஒரே தெரு, 36 படம்: உங்கள் அனுபவம் என்ன?

மாட்டுங்கா மல்லி

11 வருஷமாகக் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். போன தை மாதம் ஒரு முகூர்த்தத்தில் 2,400 படம் எடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால், ஃபோல்டர் பெயரைப் பார்க்காமல் எந்தக் கல்யாணம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

அப்போதுதான் எனக்கு நானே ஒரு வேலை வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை 6 மணி முதல் 7 வரை, மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகள். 50 எம்எம் லென்ஸ் மட்டும். ஃபிளாஷ் கிடையாது. பழைய ஃபிலிம் ரோல் மாதிரி 36 படம், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. எடுத்ததை அங்கேயே ஸ்கிரீனில் பார்க்கவும் கூடாது. இப்படி 12 வாரம்.

முதல் வாரம் 20 நிமிஷத்தில் 36-ம் தீர்ந்துவிட்டது. எல்லாம் காலண்டர் படம்: செவ்வந்திக் குவியல், ரோஜாக் கூடை. இரண்டாம் வாரமும் அதேதான்.

மூன்றாம் வாரம் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் கடையில் கேமராவைத் தூக்கினேன். "எய்யா, மொகத்த எடுக்காதய்யா. கைய வேணா எடுத்துக்க" என்றார். சரி ஆச்சி என்றேன். நான் போட்ட விதிகளை எல்லாம்விட அவர் போட்ட அந்த ஒரு விதிதான் என்னைக் காப்பாற்றியது. மீதி வாரங்கள் முழுக்கக் கைகள்தான்.

நாரின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார். இடது கை பூவைப் பிடித்திருக்கும், வலது கை நாரைச் சுற்றி இழுக்கும். எப்போது முடிச்சு விழுகிறது என்று கண்ணுக்கே தெரியாது. வழக்கம்போல ஷட்டர் 1/125 வினாடி மட்டும் திறக்கிற மாதிரி வைத்து எடுத்தேன். விரல் ஒவ்வொன்றும் கூர்மையாக இருந்தது, ஆனால் கட்டுகிற மாதிரியே இல்லை, சும்மா பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஷட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 1/15-க்கு வந்தபோது வலது கை புகை மாதிரி கலைந்தது, இடது கையில் இருந்த பூ மட்டும் அப்படியே நின்றது. அதுதான் நான் பார்த்தது. கல்யாண மண்டபத்தில் இவ்வளவு மெதுவான ஷட்டரைத் தொட எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

அப்புறம் முழம் போடும் நேரம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை இழுப்பார், நுனிக்கு வந்ததும் நிறுத்தாமல் இரண்டு விரல் அளவு கூட விடுவார். அந்த இரண்டு விரலை எடுக்க எனக்கு மூன்று சனிக்கிழமை ஆனது.

வைகாசியில் அடுத்த கல்யாணம் வந்தது. 900 படத்தோடு நிறுத்திவிட்டேன். பெண்ணின் தலையில் அவள் அம்மா பூ வைத்துவிடும் கையை மட்டும் பத்து நிமிஷம் பின்தொடர்ந்தேன். அந்த வீட்டார் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்.

ஆச்சிக்கும் ஒரு பிரிண்ட் கொடுத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. "எங்கம்மா கையி மாதிரில்லா இருக்கு" என்றார்.

செம்பூர் நாலாம் மாடி

படிக்கப் படிக்க எனக்கு என் ஜன்னல் ஞாபகம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வீட்டோடு கிடந்தேன். வெளியே மும்பை மழை. செக் நாட்டுப் புகைப்படக்காரர் ஜோசப் சுடெக், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், 1940 முதல் 1954 வரை ப்ராகில் தன் ஸ்டுடியோ ஜன்னலையே திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். கண்ணாடியில் படிந்த ஆவிக்கு அந்தப் பக்கம் ஒரு மரம், அவ்வளவுதான். அவரால் முடிந்தால் நானும் முயல்வேன் என்று கட்டிலை ஜன்னல் ஓரம் இழுத்துப் போடச் சொன்னேன்.

ஒரு நாளைக்கு ஒரே படம். முதல் வாரம் கண்ணாடிக்கு வெளியே ஃபோகஸ் செய்தேன். எதிர்க் கூரைகளில் விரித்த நீலத் தார்ப்பாய்கள் மட்டும்தான் வந்தன. ஒரு நாள் ஃபோகஸ் தவறி கண்ணாடியில் நின்ற துளிமேல் விழுந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு துளிக்குள்ளும் அந்த நீலக் கூரைகள் தலைகீழாக இருந்தன! அன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நான் எடுத்தது துளிகளைத்தான்.

சயான் புதுசு

அண்ணா, கேமரா வாங்கி ஆறு மாசமாகிறது, பையிலேயே கிடக்கிறது. இந்தச் சனிக்கிழமை உங்களோடு வரலாமா?

மாட்டுங்கா மல்லி

வாங்க தம்பி. ஆறு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். முதலில் ஆச்சியிடம் ஒரு முழம் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் கட்டுவதை நின்று பாருங்கள். கேமராவை அப்புறம் எடுக்கலாம்.