பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவர் யார்?

எண்ணூர்க்கரை:
எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இருளர் பெண் ஒருத்தி எட்டு மாதங்களாகப் பழங்குடிச் சான்றிதழுக்குக் காத்திருக்கிறாள். பெற்றோரின் சான்றிதழைக் கொண்டுவா என்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் அவளுடைய தாயார் பள்ளிக்கே போனதில்லை என்பதால், அவருக்குச் சான்றிதழ் எடுக்கும் தேவையே வந்ததில்லை. தமிழ்நாட்டின் இருளர், காட்டுநாயக்கர், பணியர், தோடர், கோத்தர், குறும்பர் ஆகிய 6 சமூகங்களை, மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று ஒன்றிய அரசே வகைப்படுத்தியிருக்கிறது. நாடு முழுவதும் இவ்வகையில் உள்ள 75 சமூகங்களுக்காக 2023 நவம்பரில் 24,104 கோடி ரூபாயில் பி.எம். ஜன்மன் திட்டமும் வந்தது. திட்டத்துக்குக் குறைவில்லை, இன்னார் பழங்குடி என்று எழுதித் தர ஆளில்லை. இந்த 6 சமூகங்களுக்கு மட்டுமாவது வட்டாட்சியரே நேரில் விசாரித்துச் சான்று வழங்கலாம் என்பது என் கருத்து.

பழைய கோப்பு:
வருவாய்த்துறையில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். 1989 நவம்பர் 11 வரை வட்டாட்சியர்தான் பழங்குடிச் சான்று வழங்கினார். பெயர் ஒற்றுமையைப் பயன்படுத்தி, மலையையே பார்த்திராத ரெட்டியார்கள் கொண்டாரெட்டிகளாகவும், நாயக்கர்கள் காட்டுநாயக்கர்களாகவும் மாறிய கதைகள் அக்காலத்தவை. அந்தச் சான்றுகளின் பேரில் நடந்த வழக்குகள், வேலையில் சேர்ந்தவர்கள் ஓய்வு பெற்ற பிறகும் முடியவில்லை. அதன்பின் அந்த அதிகாரம் வட்டாட்சியருக்கு மேல்நிலையிலுள்ள கோட்டாட்சியருக்கு உயர்த்தப்பட்டதற்குக் காரணம் இருந்தது. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றமும், சான்றுகளைச் சரிபார்க்கத் தனிக்குழு வேண்டும் என்றது. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பழங்குடியினர் 7,94,697 பேர்; இட ஒதுக்கீடு 1 விழுக்காடு. நூறு இடங்களில் உள்ள அந்த ஒன்றையும் போலிச் சான்றுக்காரர் எடுத்துக்கொண்டால், ஐயா சொல்லும் அந்தப் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்?

வியாசர்பாடி ஆசிரியை:
கவலை நியாயமானதே. ஆனால் அதற்கான விலையைப் போலிகள் கொடுப்பதில்லை. என் மாணவர்கள் கொடுக்கிறார்கள். மூன்று தலைமுறையாக இங்கே வாழும் காட்டுநாயக்கர் வீட்டுப் பையனிடம், உங்கள் குலதெய்வத்துக்கு எப்படிப் படைப்பீர்கள், தேன் எப்படி எடுப்பீர்கள் என்று விசாரணையில் கேட்டிருக்கிறார்கள். அவன் தேனைப் பார்த்தது மளிகைக் கடைப் புட்டியில். இப்படிப் பழக்கவழக்கங்களைக் கேட்டு இனத்தை முடிவு செய்யும் சோதனையை, எல்லா வழக்குக்கும் உரைகல்லாகக் கொள்ள முடியாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இடம்பெயர்வும் நகர வாழ்க்கையும் வழக்கங்களை மாற்றத்தானே செய்யும்?

பழைய கோப்பு:
அம்மா சொல்லும் தீர்ப்பு எனக்குத் தெரியும். அந்தக் கேள்விகள் அபத்தமானவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனினும் கேள்வி தவறு என்பதற்காகக் கேட்கும் அதிகாரியைக் கீழே இறக்க வேண்டியதில்லை. வட்டாட்சியர் உள்ளூர் நெருக்கடிக்கு எளிதில் ஆட்படுவார். நானே அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கோட்டாட்சியரைக் குடியிருப்புக்கே வரச் செய்து, முகாம் நடத்தி, இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். அதுவே போதும்.

எண்ணூர்க்கரை:
முகாமும் நடந்தது. மனுவை வாங்கிக்கொண்டு, ஆவணம் போதவில்லை என்று திருப்பினார்கள். இருளராக இல்லாத ஒருவர் அந்தச் சேற்றில் இறங்கி இருளர் என்று ஏமாற்றிப் பிழைக்கப் போகிறாரா என்ன? நான் முதலில் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் தந்தை சிறுவயதில், முன்பணக் கடனுக்காகத் தம் பெற்றோருடன் செங்குன்றம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கொத்தடிமையாக இருந்தவர். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அவர்களை மீட்டு, விடுதலைச் சான்று வழங்கியவர் ஒரு கோட்டாட்சியர்தான். அப்போது அவர்களை இருளர் குடும்பம் என்று குறித்துக்கொண்டுதான் விசாரித்தார்கள். அடிமையாக இருந்தபோது தெரிந்த இனம், மகள் கல்லூரிக்குப் போகும்போது தெரியவில்லை என்றால், கோட்டாட்சியர் பதவி உயர்ந்தது என்பதால் யாருக்கு என்ன பாதுகாப்பு வந்துவிட்டது?

வியாசர்பாடி ஆசிரியை:
அந்த விடுதலைச் சான்றை மனுவுடன் இணைத்தார்களா?

எண்ணூர்க்கரை:
இணைத்தோம். அதில் பெயரும் ஊரும்தான் இருக்கின்றன. இனம் குறிக்கப்படவில்லை என்றார்கள்.

பழைய கோப்பு:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஐயா. சான்றில் இனம் இல்லாவிட்டாலும், அதற்கு முன்பு எடுத்த வாக்குமூலத்தில் இருக்கும். மீட்கப்பட்டவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே எழுதி வாங்குவது வழக்கம். விடுதலைச் சான்றின் மேற்புறத்தில், அலுவலகக் கோப்பைக் குறிக்கும் ந.க. எண்ணும் தேதியும் இருக்கும். அவற்றைக் குறிப்பிட்டு, வாக்குமூலத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுக் கொடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அது கோட்டாட்சியர் நிலையில் பதிவான அரசு ஆவணம் என்பதால், போதாது என்று எளிதில் ஒதுக்க முடியாது. மனுவை எழுதுவதில் தயக்கம் இருந்தால், பெயர்களை மறைத்து இங்கேயே பதியுங்கள், திருத்தித் தருகிறேன். வட்டாட்சியருக்கு அதிகாரம் தருவதைப் பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை.

எண்ணூர்க்கரை:
என் கருத்தும் மாறவில்லை. சான்றின் மேல் ஓரத்தைக் கரையான் அரித்திருக்கிறது. எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் தெரியவில்லை. தேதி தெரிகிறது. அதை வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.