நானோகுழாயில் ஸ்பின் வடிகட்டல்: அளந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

எலக்ட்ரான்களுக்குச் சிறு காந்தம் போன்ற ஸ்பின் என்ற பண்பு உண்டு; ஒரு திசை ஸ்பினை அதிகமாகக் கடத்துவதே ஸ்பின் வடிகட்டல். இடக்கை அல்லது வலக்கைச் சுருள் வடிவ மூலக்கூறைச் சுற்றினால் கார்பன் நானோகுழாய் இப்படி வடிகட்டுமா என்றுதான் பார்த்தோம். வெறும் தண்ணீரில் இந்தக் குழாய்கள் கரித்தூளாக அடியில் தங்கிவிடும். ஒற்றை இழை டி.என்.ஏ. சேர்த்து மீயொலியில் கலக்கினால், இழை குழாயைச் சுற்றிக்கொள்கிறது; மையவிலக்குக்குப் பிறகு மேலே நிற்பது தெளிவான சாம்பல் நிற மை. பார்க்க அத்தனை அழகு! ஒரு பக்கம் நிக்கல், மறுபக்கம் தங்கம் என மின்முனைகள் வைத்து, திரவ ஹீலியக் குளிரில் நிக்கலின் காந்தத் திசையைத் திருப்பினோம். மின்தடை மாறியது. ஸ்பின் திசையைப் பொறுத்து மின்தடை மாறும் கருவிதான் ஸ்பின் வால்வு; வழக்கமாக அதற்கு இரண்டு காந்த மின்முனைகள் தேவை. இங்கே இரண்டாவதன் வேலையைச் குழாயைச் சுற்றிய டி.என்.ஏ.வே பார்த்துக்கொள்கிறது.

* * *

மேலே எழுதியவரின் உற்சாகம் புரிகிறது. ஆனால் காந்த மின்முனை ஒன்று இருந்தாலே பொய்ச் சைகைகள் வந்து தொலைக்கும். டி.என்.ஏ.வுக்குப் பதில் சோடியம் டோடெசைல் சல்ஃபேட் என்ற சோப்பு வகைப் பொருள் சுற்றிய குழாயையும் அதே சிப்பில் அளப்பது எங்கள் வழக்கம். அந்த மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை வேறுபாடு கிடையாது; அதனால் ஸ்பினை வடிகட்டக் கூடாது. அங்கேயும் மின்தடை அதே அளவு மாறினால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

இவ்வளவு சந்தேகம் ஏன் என்றால், கார்பன் இலேசான தனிமம்; அதில் ஸ்பின்-சுற்றுப்பாதைப் பிணைப்பு, அதாவது எலக்ட்ரானின் ஸ்பினுக்கும் அதன் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பு, பலவீனம். 2008-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நானோகுழாயில் அந்தப் பிணைப்பை அளந்தபோது கிடைத்தது 0.37 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். ஆனாலும் 2011-ல் இஸ்ரேலிய வேதியியலாளர் ரான் நாமன் குழுவினர், தங்கத்தின் மேல் நிறுத்திய இரட்டை இழை டி.என்.ஏ. வழியே வந்த எலக்ட்ரான்களில் 60 சதவீதத்துக்கு மேல் ஸ்பின் முனைவாக்கம் (ஒரு திசை ஸ்பின் மிகுந்திருப்பது) கண்டார்கள். இந்தப் பெரிய எண் எங்கிருந்து வருகிறது என்று கோட்பாட்டாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

இன்னொன்று: மின்னழுத்தம் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும்போது, இருமுனை அளவீட்டில் காந்தத்தைத் திருப்புவதால் மின்தடை மாறக் கூடாது என்பது ஒன்சாகர் விதி. ஒரே ஒரு மின்னழுத்தத்தில் எடுத்த எண்ணை நான் நம்புவதில்லை. மின்னழுத்தத்தோடு மின்தடை எப்படி மாறுகிறது என்ற முழு வளைகோட்டையும் காட்டுங்கள்.

* * *

நாங்கள் டி.என்.ஏ.வை விட்டு, அலனைன் என்ற அமினோ அமிலம் கோத்த சங்கிலியான அலனைன் பெப்டைடுக்கு மாறினோம். அதில் இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் எளிதாகக் கிடைக்கின்றன. வடிவத்தை மாற்றியதும் சைகையின் குறி தலைகீழானது. அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அளவு மட்டும் இரண்டிலும் ஒத்துப்போகவில்லை. எனக்குச் சந்தேகம் குழாய்கள் மேல்தான். பல நானோகுழாய்கள் தாமே கைரல் அமைப்பு (இடக்கை, வலக்கை வேறுபாடு) கொண்டவை. விலைக்கு வாங்கும் தூளில் இரண்டு கையும் கலந்தே கிடக்கும். எது எந்தச் சிப்பில் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? இப்போது பெப்டைடு சுற்றுவதற்கு முன் குழாய்களை வகை பிரித்துக்கொண்டிருக்கிறோம். அலுப்பான வேலை.