சீமைக்கருவேலை அகற்றியவர்கள் சொல்லுங்கள்: ஊருக்குள் இருக்கும் தோப்பை மீட்பது எப்படி? (பதில் சொன்னவர்களின் ஊர்ப் பெயரோடு)

தஞ்சாவூர்
விறகு வியாபாரிக்கு ஏலம் விட்டால் தரைக்கு அரையடி மேலே அறுத்துக்கொண்டு போய்விடுவார். கரிமூட்டத்துக்கு மரம் கிடைத்தால் அவருக்குப் போதும், அடிக்கட்டை நம் தலையில். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கழுத்தில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுக் கிளை எழும். தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, ஒரு அடி ஆழத்தில் ஆணிவேரை வெட்ட வேண்டும். ஏலச் சீட்டிலேயே 'தூரோடு' என்று எழுதிவிடுங்கள்.

தை, மாசிதான் இதற்குக் காலம். வண்டலில் ஈரம் இருக்கும், காயும் பழுத்திருக்காது. பங்குனி பிறந்தால் களிமண் இறுகிவிடும். கடப்பாரை துள்ளும், வேர் பாதியில் அறும். சாண் உயரக் கன்றைக் கையால் பிடுங்கலாம். ஜேசிபியைப் பெரிய தூருக்கு மட்டும் விடுங்கள். மேல்மண்ணைப் புரட்டினால் புதைந்த விதையெல்லாம் மேலே வந்து, அடுத்த மழைக்குப் பார்த்தீனியமும் சேர்ந்து முளைக்கும்.

மயிலாடுதுறை
அண்ணே, வெட்டுமுன் ஒன்று. முள் இருந்தாலே சீமைக்கருவேல் என்று வன்னி மரத்தையும் சாய்த்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் பூ கதிராகத்தான் வரும், அதை நம்பாதீர்கள். சீமைக்கருவேலுக்கு முள் இலையடியில் ஜோடியாக நிற்கும். வன்னிக்குக் கிளை நெடுகச் சிதறி, அடி அகன்று இருக்கும். நாட்டுக் கருவேலம் எளிது: மஞ்சள் உருண்டைப் பூ, மணிமாலை மாதிரி இடுக்கு விழுந்த காய். விட வேண்டிய மரத்துக்கெல்லாம் முதல்நாளே சுண்ணாம்பு வளையம் போடுங்கள்.

திருவாரூர்
வாய்க்கால் ஓரத்து நெய்வேலிக் காட்டாமணக்கைத் துண்டு போடவே கூடாது. கணு ஈரத்தில் பட்டால் வேர்விடும். தண்ணீர் வந்ததும் துண்டு மிதந்து அடுத்த மதகில் ஒதுங்கும். மேட்டூர் திறப்பு வழக்கப்படி ஜூன் 12. அதற்கு முன், வாய்க்கால் காய்ந்திருக்கையில் வேரோடு தோண்டி, மேட்டில் வேர் வானம் பார்க்கப் போட்டுக் காயவிடுங்கள். ஆடு மேய விடாதீர்கள், அது நஞ்சு.

உண்ணிச்செடிக்கும் தலைகீழ் வைத்தியம்தான்: மண்ணுக்கு இரண்டு விரல் கீழே வேரை வெட்டிக் கவிழ்த்துவிட்டால் சரி.

கும்பகோணம்
மொத்தத்தையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்காதீர்கள். சீமைக்கருவேலங்கன்று வெயில்பிரியன், நிழல் விழாத இடத்தில் பிடுங்கப் பிடுங்க வரும். கால்வாசி கால்வாசியாக எடுங்கள். தவிட்டுக்குருவிக்கும் கீரிக்கும் புதர் மிஞ்சும். புரட்டாசிக் கடைசியில் பத்தடி இடைவெளியில் புங்கன், நாவல், கரையோரம் நீர்மருது நடுங்கள். வேலி இல்லாவிட்டால் ஆடு கன்றைத் தின்னும், போதாக்குறைக்கு வெளியே தின்ற சீமைக்கருவேலங்காயின் விதையைப் புழுக்கையோடு உள்ளே போடும். முதல் மூன்று வருஷம் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு சுற்று களை பிடுங்கல் உண்டு. செலவுக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.