மாட்செக்யூரிட்டி போட்டதும் தமிழ் ஆர்டர் நின்றுபோச்சு

கம்பத்துக்காரன்:
குமுளியில் ஏலக்காய் விற்கும் கடை ஒன்றுக்கு சர்வர் நான்தான் பார்க்கிறேன். லாகின் பக்கத்தை யாரோ குடைந்துகொண்டே இருந்ததால், வெப்சைட்டுக்கு வரும் கோரிக்கைகளைச் சோதித்துத் தடுக்கும் ஃபயர்வாலான மாட்செக்யூரிட்டி போட்டு, எதைத் தடுக்கணும் என்று சொல்லும் ஒவாஸ்ப் ரூல் செட்டையும் ஏற்றி, அதன் கறார் அளவான பாரனோயா லெவலை 3-ல் வைத்தேன். மறுநாள் கடைக்காரர் போன்: "தம்பி, இங்கிலீஷ்ல அட்ரஸ் போட்டா ஏறுது, தமிழ்ல போட்டா 403-ன்னு விரட்டுது. மலையாளமும் ஆகலை. உன் மெஷினுக்கு ரெண்டு பேரையுமே புடிக்கலையா?"

ஃபயர்வால் சந்தேகப்பட்டதைக் குறித்துவைக்கும் ஆடிட் லாகில் 920272. ஆஸ்கி (இங்கிலீஷ் எழுத்துகளுக்கான எண் பட்டியல்) 126-க்கு மேற்பட்ட எழுத்து எதுவும் ஆகாது என்கிற ரூல் அது, லெவல் 3-ல்தான் முழிக்கும். தமிழில் ஒரு எழுத்துகூடத் தேறாது. லெவல் 1-க்கு இறக்கினேன், சரியாகிவிட்டது. ஆனால் அந்த லாகில் போடிக்காரர் ஒருவர் ஒரே முகவரியை 7 தடவை அடித்திருந்தார். கடைசித் தடவை 'மேற்குத் தெரு'வை எடுத்துவிட்டு வெறும் 'தெரு' என்று போட்டுப் பார்த்திருக்கிறார்.

கஞ்சிக்கோடு:
இதில் ஃபயர்வால் மேல் என்ன தப்பு? எடுத்த எடுப்பில் 3 வைப்பார்களா? நான் செய்தது நேர் எதிர். கூடவே வரும் கான்ஃபிக்கில் 'டிடெக்‌ஷன் ஒன்லி', அதாவது குறித்துக்கொள், தடுக்காதே என்று இருந்ததை மாற்றாமல் 8 மாசம் நிம்மதியாகத் தூங்கினேன். வாளையார் செக்போஸ்ட்டில் லாரி நம்பரை எழுதிக்கொண்டு கையசைத்து அனுப்புவது போல எல்லாவற்றையும் உள்ளே விட்டிருக்கிறது.

புதிதாகப் போடுபவர்களுக்குச் சொல்கிறேன். முதல் 2 வாரம் அந்த நிலையிலேயே ஓடட்டும், லாகைத் தினமும் படியுங்கள், அப்புறம் 'ஆன்' செய்யுங்கள். லாகில் 949110 என்ற ரூலைப் பார்த்ததும் அதைத் தூக்கிவிடாதீர்கள். மற்ற ரூல்கள் சந்தேகத்துக்கு மார்க் போடும். மொத்த மார்க் 5-ஐத் தொட்டதும் கதவைச் சாத்துவது மட்டும்தான் அதன் வேலை, அது போனால் தடுப்பே போச்சு. மார்க் போட்ட ரூல் எது என்று தேடி, அதை அந்தப் பக்கத்துக்கு மட்டும் விலக்குங்கள். லாகை ரொட்டேட் பண்ண, அதாவது பழசை அவ்வப்போது கழிக்க, மறந்தால் டிஸ்க் நிறைந்து சர்வரே படுக்கும்.

களியக்காவிளை:
எனக்கு லெவல் 1-லேயே அடி. கல்யாண மண்டப சைட்டில் போட்டோ ஏறவில்லை. நெட் ஸ்லோ என்று ரவுட்டரையே மாற்ற வைத்தேன், பாவம். பார்த்தால் ஒரு தடவை அனுப்பும் டேட்டாவுக்கு மாட்செக்யூரிட்டியில் 13107200 பைட், அதாவது 12.5 எம்பிதான் வரம்பு.

கம்பத்துக்காரன்:
கஞ்சிக்கோடு அண்ணே, உள்ளே குடைகிறவன் 2 வாரம் காத்திருப்பானா? அதை விடுங்கள். போடிக்காரர் நம்பரும் லாகிலேயே இருந்தது. கூச்சத்தில் 3 நாள் தள்ளிவிட்டுத்தான் கூப்பிட்டேன். "வண்டன்மேட்டுல மச்சான் இருக்காரு, அவருகிட்டயே வாங்கிட்டேன் தம்பி" என்றார்.