சென்னை – புதுச்சேரி இரண்டரை மணி நேரமாம்! யாரை ஏமாற்றுகிறீர்கள்?

தாம்பரத்தார்:
"ஒரே நாளில் புதுச்சேரி" என்று நேற்று இங்கே ஒருவர் திட்டம் போட்டிருந்தார். காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டுமாம். எட்டரைக்குக் கடலைப் பார்த்தபடி சிற்றுண்டி, மாலை ஐந்துக்குக் கிளம்பி ஏழரைக்கு வீடு. அதற்குக் கீழே ஆளாளுக்குப் பாராட்டு வேறு.

நான் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன். நீங்கள் எழுதிவைப்பதன் பலனை அனுபவிப்பது நான்தான். வண்டியில் ஏறும் குடும்பம் கைப்பேசியை என் தோளுக்கு மேலே நீட்டுகிறது. "இரண்டரை மணி நேரம் என்று போட்டிருக்கிறதே, நீங்கள் ஏன் இவ்வளவு மெதுவாக உருட்டுகிறீர்கள்?" எதிரே மீன் லாரி வருகிறது, பின்னால் உட்கார்ந்திருப்பவர் முந்தச் சொல்கிறார். அவருக்கு எட்டரை மணிச் சிற்றுண்டி தவறிவிடுமாம்.

தூரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இரண்டரையால் வகுத்தால் மணிக்கு 60. அது சராசரி. சிக்னலில் நின்றது, உத்தண்டி சுங்கச்சாவடியில் ஊர்ந்தது, குழந்தைக்காக ஓரம் கட்டியது எல்லாம் சேர்த்துச் சராசரி 60 வர வேண்டுமென்றால், ஓடுகிற நேரத்தில் எவ்வளவு வேகம் போக வேண்டும் என்று யோசித்தீர்களா? மாமல்லபுரத்தைத் தாண்டினால் நால்வழியாக்கும் பணி. ஒரு பக்கம் புதுச் சாலை, திடீரென்று மண் மேடு, மறுபடி நடுவில் தடுப்பே இல்லாத பழைய இருவழிப் பாதை.

மூன்றரை மணி நேரம். இதற்குக் குறைத்து யாரும் எழுதாதீர்கள்.

கடலோரக் காற்று:
அந்தத் திட்டத்தை எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், ஒளிய வேண்டியதில்லை.

இரண்டரை மணி நேரம் என்பது நான் ஓட்டிப் பார்த்த நேரம். நீலாங்கரையில் வண்டியை எடுக்கிறேன், அந்தக் காலை நேரத்தில் பத்து நிமிடத்தில் உத்தண்டியைத் தாண்டிவிடுகிறேன். முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது வெயிலே வந்திருக்காது. அவரவர் ஓட்டும் திறனுக்கு ஏற்பத்தான் நேரம். உங்களுக்கு மூன்றரை ஆகிறது என்றால் அது சாலையின் குற்றமில்லை.

தாம்பரத்தார்:
ஓட்டும் திறனா? ஓட்டிச் சோறு தின்கிறவனிடம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் திறனைப் பற்றிப் பேசுகிறார். வேகமாக மிதிப்பதற்குப் பெயர் திறனில்லை தம்பி. எதிரே வருகிறவன் தவறு செய்வான் என்று முன்கூட்டியே இடம் விட்டு ஓட்டுவதற்குப் பெயர்தான் திறன். மூன்றரை மணி நேரம்.

நிதானம்:
இருவரும் எங்கிருந்து எங்கே வரை கணக்கிடுகிறீர்கள் என்று முதலில் சொன்னால் நல்லது. நீலாங்கரையிலிருந்து கோட்டக்குப்பம் வரையிலான கணக்கும், தாம்பரத்திலிருந்து புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரம் வரையிலான கணக்கும் ஒன்றாகுமா? நடுவே நிறுத்தும் நேரத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா?

கடலோரக் காற்று:
சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு. இதில் என்ன குழப்பம்? இரண்டரை மணி நேரம்.

தாம்பரத்தார்:
சென்னை என்றால் சென்னைதான் ஐயா. மூன்றரை.

அம்பத்தூர் அகிலா:
ஒரு உதவி வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை மாமியாரைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். புறநோயாளிகள் பதிவுக்குக் காலையிலேயே அங்கே இருக்க வேண்டும், அன்று இரவே திரும்ப வேண்டும். அவர்களுக்கு முழங்கால் வலி, நீண்ட நேரம் உட்கார முடியாது. எந்த வழி, எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

கடலோரக் காற்று:
கிழக்குக் கடற்கரைச் சாலையே நல்லது அம்மா. இரண்டரை மணி நேரம். மாமியாருக்கும் கடலைப் பார்த்த மாதிரி இருக்கும்.

தாம்பரத்தார்:
கடலா? வழிநெடுக மதில் சுவரும் சவுக்குத் தோப்பும்தான் தெரியும். கடல் கண்ணில் படும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதுவும் நோயாளியை ஏற்றிக்கொண்டு அந்த மண் மேடுகளில் குலுக்கிக்கொண்டு போகச் சொல்கிறீர்களே, மனசாட்சி இருக்கிறதா? இந்த இரண்டரை மணி நேரக் கதையை நம்பி அந்த அம்மா தாமதமாகக் கிளம்பினால் பதிவு முடிந்துவிடும். யார் பொறுப்பு?

கோரிமேடு வாசி:
அம்மா, நான் உள்ளூர்க்காரன். ஜிப்மர் இருப்பது கோரிமேட்டில், திண்டிவனம் சாலையிலேயே. ஊருக்குள் நுழையவே தேவையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் காலாப்பட்டு, கோட்டக்குப்பம் நெரிசல் எல்லாம் தாண்டி நகரைக் குறுக்கே கடந்து மறுபடி வடக்கே வர வேண்டும். அம்பத்தூரிலிருந்து புறவழிச் சாலையில் பெருங்களத்தூர் வந்து ஜி.எஸ்.டி. சாலையை, அதாவது திருச்சி நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், கிளியனூர், நேரே மருத்துவமனை வாசல்.

அப்படியே இங்கே வரும் சென்னைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டரை மணிக்கு எங்கள் ஊருக்குள் இருக்கும் கடற்கரைச் சாலையில் சிற்றுண்டி என்று திட்டம் போடுகிறீர்களே, வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அந்தச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. கயிறு அவிழ்த்ததும் ஒரே நேரத்தில் எல்லோரும் பாய்கிறீர்கள். சனி, ஞாயிறுகளில் எங்கள் வீட்டு வாசலில் எங்களுக்கே இடமில்லை.

கணக்கர்:
திண்டிவனம் வழி என்றால் பரனூர், ஆத்தூர், மொரட்டாண்டி என்று மூன்று சுங்கச்சாவடிகள். அம்பத்தூரிலிருந்து வந்தால் வானகரமும் சேரும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குதான். அடிக்கடி போகிறவர்கள் ஆண்டு பாஸ் எடுத்துவிடுங்கள். 200 முறை அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். உத்தண்டிக்கு அது செல்லாது.

கடலோரக் காற்று:
பார்த்தீர்களா, சாவடிக்குச் சாவடி நிற்கும் வழியைப் பரிந்துரைக்கிறார்கள். திண்டிவனம் வழி ஏறக்குறைய 15 கிலோமீட்டர் அதிகம் வேறு. நான் சொன்ன வழியில் இரண்டரை மணி நேரம்.

தாம்பரத்தார்:
அதிக தூரம் என்றாலும் நடுவில் தடுப்பு இருக்கிறது. தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் எதிரே வருகிறவன் என் பாதைக்குள் நுழைய முடியாது. அந்த ஒரு காரணம் போதும்.

கணக்கர் ஐயா, உங்கள் ஆண்டு பாஸ் மஞ்சள் பலகை வண்டிக்குக் கிடையாது. சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் சலுகை. நாள் முழுக்கச் சாலையில் கிடந்து கட்டணம் கட்டுகிற எங்களுக்கு இல்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கணக்கர்:
வாடகை வண்டிக்காரர் சுங்கக் கட்டணத்தைப் பயணியிடம்தானே வாங்குகிறார்? உங்களுக்கு ஏன் கோபம்?

தாம்பரத்தார்:
வாங்குகிறேன். வாங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதும் நான்தான். முன்பே பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் நான் திருடன். உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போடுகிறவருக்கு இது புரியாது.

உப்பளம்:
நான் மரக்காணம். எங்கள் ஊரை எல்லோரும் "தாண்ட வேண்டிய இடம்" என்றே எழுதுகிறீர்கள். ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். பாத்தி பாத்தியாக உப்பு விளைகிற இடம், அள்ளிக் கரையில் குவித்துக் கீற்று போட்டு மூடியிருப்பார்கள். அதிகாலையில் வந்து வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் உங்கள் இரண்டரை மணி நேரக்காரர்கள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டு பறக்கிறார்கள். சாலையைக் கடக்கும் பெண்கள் ஓட வேண்டியிருக்கிறது. பக்கத்திலுள்ள கழுவெளி ஈரநிலத்தில் வலசைப் பறவைகள் வரும் காலத்தில்கூட ஒருவரும் வேகத்தைக் குறைப்பதில்லை. 2021இல் அதைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

கடலோரக் காற்று:
நான் ஒலிப்பான் அடிப்பவன் இல்லை. பறவைகளைப் பற்றி எனக்கும் தெரியும். வேடந்தாங்கலைப் பற்றி இங்கே விரிவாக எழுதியவன் நான்தான்.

தாம்பரத்தார்:
ஆமாம், மறக்கவில்லை. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை வேடந்தாங்கல் அழைத்துப் போங்கள் என்று மே மாதத்தில் எழுதினீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வரவேண்டிய இடத்துக்கு மே மாதத்தில்! அதைப் படித்துவிட்டு ஒரு குடும்பம் என் வண்டியில்தான் படாளம் கூட்டுச்சாலையில் திரும்பிப் போனது. வற்றிய ஏரியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அழுததைக் கேட்டுக்கொண்டே திரும்பி ஓட்டியவன் நான். அன்றைக்கே உங்கள் எழுத்தின் மதிப்பு எனக்குத் தெரிந்துவிட்டது.

கடலோரக் காற்று:
ஏரியில் தண்ணீர் இருந்தால் மே மாதத்திலும் பறவைகள் இருக்கும். அந்த ஆண்டு வறட்சி. பேச வந்தது புதுச்சேரிப் பயணம். பழைய பகையை இழுக்காதீர்கள்.

உப்பளம்:
நான் கேட்டது மரக்காணத்தில் வேகத்தைக் குறைப்பதைப் பற்றி. வேடந்தாங்கல் எங்கிருந்து வந்தது?

வேளச்சேரி வாசகர்:
இவ்வளவு சண்டை எதற்கு? எழும்பூரில் ரயில் ஏறுங்கள், தூங்கிக்கொண்டே போகலாம்.

தாம்பரத்தார்:
விழுப்புரம் சுற்றி நான்கு மணி நேரம் ஆகும். தூங்குவதற்கு வீடே போதும்.

கோரிமேடு வாசி:
வாருங்கள், எந்த வழியில் வேண்டுமானாலும் வாருங்கள். பெட்ரோல் இங்கே விலை குறைவு என்பதற்காகத் திரும்பும்போது எல்லோரும் கோரிமேட்டில் வரிசை கட்டி எங்கள் சாலையை அடைக்காதீர்கள். ஜிப்மருக்கு வரும் ஆம்புலன்ஸ் உங்கள் வரிசைக்குப் பின்னால் அலறிக்கொண்டு நிற்கிறது. அதைப் பற்றி உங்கள் பயணத் திட்டத்தில் ஒரு வரி உண்டா?

கணக்கர்:
விலை குறைவாக இருக்கும் இடத்தில் போடத்தான் செய்வார்கள். உங்கள் பெட்ரோல் நிலையக்காரர்கள் சென்னை வண்டிகளை வேண்டாம் என்றா சொல்கிறார்கள்?

அம்பத்தூர் அகிலா:
ஐயா, நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

தாம்பரத்தார்:
அம்மா, அதிகாலை மூன்றரைக்கு வண்டியை எடுத்துவிடுங்கள். விடிவதற்குள் பரனூரைக் கடந்துவிடலாம். மதுராந்தகத்தைத் தாண்டி எங்காவது நல்ல இடமாகப் பார்த்து மாமியாரை இறக்கிச் சற்று நடக்க விடுங்கள். முழங்கால் மடங்கியே இருந்தால்தான் வலி கூடும். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அவர்களை அங்கே உட்கார வையுங்கள். மேல்மருவத்தூரில் அன்று விசேஷ நாளா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசம், ஆடிப்பூரம் என்றால் சிவப்பு உடைக் கூட்டம் சாலை வரைக்கும் நிற்கும். மாலையில் பாலாற்றுப் பாலத்தருகே தேங்க வாய்ப்பு உண்டு, ஆகவே திரும்பும் நேரத்தை யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். போகும்போது மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரக் காற்று:
திண்டிவனம் வழிக்கும் மூன்றரை, கடற்கரை வழிக்கும் மூன்றரை. இவர் வண்டியில் வேறு எண்ணே இல்லை போலிருக்கிறது!

தாம்பரத்தார்:
என் வண்டியில் ஏறியவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு அந்த எண் போதும். நீங்கள் எழுதும் இரண்டரையைப் படித்தவன் கல்பாக்கத்தில் கால்மணி நேரம் பின்தங்கினால் என்ன செய்வான்? கடப்பாக்கத்தில் மிதிப்பான். அங்கே வளைவில் எதிரே பஸ் வரும். அந்தச் சாலையோரம் நசுங்கிக் கிடக்கும் கார்களை நீங்கள் கடந்துதான் போயிருப்பீர்கள், நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். நான் இறங்கிக் கதவை நெம்பியிருக்கிறேன். திட்டத்தை அழியுங்கள், இல்லாவிட்டால் எண்ணையாவது மாற்றுங்கள்.

கடலோரக் காற்று:
அழிக்க முடியாது. என் பாதையில் என் நேரத்தை எழுதியிருக்கிறேன். யாரையும் வேகமாகப் போகச் சொல்லவில்லை. விபத்துக்கெல்லாம் என் ஒரு பதிவைக் காரணம் காட்டுவது அபாண்டம்.

நிதானம்:
மறுபடியும் கேட்கிறேன். எங்கிருந்து எங்கே?

கடலோரக் காற்று:
வரும் சனிக்கிழமை காலை கிளம்புகிறேன். உத்தண்டியைத் தாண்டும் நேரத்தையும் கோட்டக்குப்பத்தில் நுழையும் நேரத்தையும் படம் பிடித்துப் போடுகிறேன். அப்போது பேசுங்கள்.

தாம்பரத்தார்:
உத்தண்டியில் தொடங்கிக் கோட்டக்குப்பத்தில் முடிக்கிறாராம்! கோட்டக்குப்பம் தமிழ்நாடு ஐயா, இன்னும் புதுச்சேரியே வரவில்லை. அங்கிருந்து ராஜீவ் காந்தி சிலை போய்ச் சேரவே சனிக்கிழமை அரைமணி நேரம் ஆகும். அதையும் சேர்த்துப் படம் எடுங்கள். சுங்கச்சாவடி ரசீதையும் போடுங்கள், அதில் நேரம் அச்சாகியிருக்கும்.

கணக்கர்:
ஃபாஸ்டேக் வந்த பிறகு ரசீது எங்கே கொடுக்கிறார்கள்? கைப்பேசிக்குக் குறுஞ்செய்திதான் வரும்.

தாம்பரத்தார்:
அந்தக் குறுஞ்செய்தியைப் போடட்டும். அதிலும் நேரம் இருக்கும். மூன்றரை.

கோரிமேடு வாசி:
சனிக்கிழமையா வருகிறீர்கள்? போச்சு.